வெளிவர முன்னமே கையில் வரும் கேம்கள்: வாசகர் கேள்வி பதில்

ஆரையம்பதியில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கும் நம் கேம் அக்கா, சின்னக் குழுக்கள் செய்யும் வீடியோ கேம்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் வாசகர்களுக்குப் பதில் எழுதிவருகிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, கேம் விற்பனைக்கு வருமுன் இலவசமாகக் கிடைக்கும் டெமோக்களை, அதாவது மாதிரித் துண்டுகளைப் பற்றியவை.

கல்லடி, உயர்தர மாணவர்: அக்கா, ‘நெக்ஸ்ட் ஃபெஸ்ட்’ என்று கூட்டாளிமார் எல்லாரும் கதைக்கிறார்கள். அது என்ன? நமக்கு எத்தனை மணிக்குத் தொடங்கும்?

தம்பி, ஸ்டீம் என்ற இணையக் கடையை நடத்துகிற வால்வ் நிறுவனம் வருடத்துக்கு மூன்று தடவை, பெப்ரவரி, ஜூன், ஒக்டோபர் மாதங்களில், தடவைக்கு ஒரு கிழமை நடத்தும் டெமோத் திருவிழா அது. 2019 டிசம்பரில் சின்னதாகத் தொடங்கினார்கள். 2021 ஜூனில்தான் இந்தப் பெயர் வந்தது. இப்போது ஒரு தடவைக்கு 2000க்கு மேல் டெமோக்கள் வந்து குவிகின்றன. இதில் ஒரு விதி உண்டு: ஒரு கேம் தன் வாழ்நாளில் ஒரே ஒரு நெக்ஸ்ட் ஃபெஸ்டில்தான் கலந்துகொள்ளலாம். தனி ஆளாக மூன்று நான்கு வருடம் உழைத்த ஒருவருக்கு அந்த ஒரு கிழமைதான் மேடை. நீங்கள் ஒரு டெமோவைத் திறக்கும்போது அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குவது அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி திங்கள் காலை 10 மணிக்கு. ஜூனிலும் ஒக்டோபரிலும் அது நமக்கு இரவு 10.30. பெப்ரவரியில் அவர்களுடைய கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்னால் இருப்பதால் 11.30. அன்றிரவே கண் விழிக்கத் தேவையில்லை, ஒரு கிழமை முழுக்க இருக்கும். ஒக்டோபர் விழா உங்கள் பரீட்சைக்குக் கிட்ட வந்தால் இந்த முறை விட்டுவிடுங்கள் தம்பி. பெப்ரவரியில் மறுகா வரும்.

திருக்கோவில், ஓய்வு பெற்ற ஆசிரியர்: என் பேரன் பொழுதுக்கும் ‘டெமோ’ விளையாடுகிறான். காசில்லாமல் கொடுக்கிறார்கள் என்றால் அதில் ஏதோ சூழ்ச்சி இருக்க வேண்டுமே?

சேர், உங்கள் சந்தேகம் நியாயமானது. இன்று போனில் ‘இலவசம்’ என்று வரும் பல கேம்கள் உள்ளே போனபின் காசைக் கறக்கத்தான் கட்டப்பட்டிருக்கின்றன. டெமோ அப்படி அல்ல. முழு விளையாட்டில் ஒரு துண்டை வெட்டிக் கையில் தருகிறார்கள். பிடித்தால் பிறகு வாங்கலாம், பிடிக்காவிட்டால் அழித்துவிடலாம்.

பழக்கமும் புதிதல்ல. 1993 டிசம்பரில் ‘டூம்’ வந்தபோது அதன் முதல் பாகத்தை, 9 கட்டங்களை, யாரும் நகல் எடுத்து யாருக்கும் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். மீதியை விரும்பியவர்கள் காசு கட்டி வாங்கினார்கள். பிறகு கணினிச் சஞ்சிகைகளோடு டெமோ நிரம்பிய சீடிக்கள் வந்தன. ‘அண்டர்டேல்’ என்ற கேமைச் செய்த டோபி ஃபாக்ஸ் 2013இல் முதலில் ஒரு டெமோவைத்தான் வெளியே விட்டார். அதைக் காட்டியே வாசகரிடம் சந்தா சேர்க்கிற மாதிரி இணையத்தில் பணம் திரட்டி, 2015இல் முழுக் கேமையும் முடித்தார். பெரிய கம்பனிகள் தெருவெல்லாம் பதாகை கட்டலாம். தனி ஆளிடம் அதற்குக் காசு இல்லை. தன் பொருளைக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வதுதான் அவரால் முடியும்.

பேரன் ‘பொழுதுக்கும்’ விளையாடுவது வேறு விடயம் சேர். டெமோக்களில் ஒரு நன்மை, பெரும்பாலானவை அரை மணி, ஒரு மணித்தியாலத்தில் தாமாகவே முடிந்துவிடும். ஒரு பின்னேரத்துக்கு ஒரு டெமோ என்று பேசி வையுங்கள். முடிந்தபின் என்ன பார்த்தான், எது பிடித்தது என்று கேளுங்கள். பிள்ளைகள் இதைப் பற்றிக் கதைக்க ஒரு ஆள் கிடைக்காமல்தான் தவிக்கிறார்கள்.

சாய்ந்தமருது, வாசகி: மகனுக்குப் 12 வயது. டெமோ இறக்க பேங்க் கார்ட் கேட்பார்களா? வைரஸ் வருமா? அவருடைய வாப்பா வெளிநாட்டில், எனக்குக் கணினி அவ்வளவாகத் தெரியாது.

ராத்தா, முதலில் கார்ட். டெமோவுக்கு எந்தக் கார்டும் தேவையில்லை. எங்கேயாவது டெமோவுக்குக் கார்ட் இலக்கம் கேட்டால் அந்தப் பக்கத்தை உடனே மூடச் சொல்லுங்கள்.

வைரஸ் பயம் வீண் பயமல்ல. 2025 பெப்ரவரியில் ‘பைரேட்ஃபை’ என்ற இலவச கேம் ஸ்டீமுக்குள்ளேயே வந்து, அதற்குள் தகவல்களைத் திருடும் மென்பொருள் இருந்தது தெரிந்து, வால்வ் அதை நீக்கிவிட்டு, திறந்தவர்களுக்கு எச்சரிக்கையும் அனுப்பியது. பெரிய கடைக்குள்ளேயே இப்படி நடக்கும் என்றால் வெளியே சொல்லத் தேவையில்லை. அதனால் வீட்டில் ஒரு சட்டம் போடுங்கள்: டெமோவை கேமின் ஸ்டீம் பக்கத்தில் இருக்கும் டெமோப் பொத்தானை அழுத்தி மட்டும்தான் இறக்க வேண்டும். “டெமோ எங்கள் வேறு தளத்தில் இருக்கிறது, அங்கே வாருங்கள்” என்று கூப்பிட்டால் போகக் கூடாது. யாரோ தெரியாதவர் இணைய அரட்டையில் “என் கேமைக் கொஞ்சம் சோதித்துப் பார் தம்பி” என்று ஃபைல் அனுப்பினால் தொடவே கூடாது. பிள்ளைகள் மாட்டுவது பெரும்பாலும் இந்தக் கடைசி வழியில்தான்.

இன்னொன்று. ஸ்டீமின் விதிப்படி 13 வயது ஆகாதவர் கணக்குத் திறக்க முடியாது. அதுவரை இட்ச் டொட் ஐஓ என்ற தளத்தில் பல கேம்களை எதையும் இறக்காமல் பிரவுசரிலேயே விளையாடலாம். பெரியவர்களுக்கான கேம்களும் அங்கே உண்டு, ஆகையால் நீங்கள் பக்கத்தில் இருந்து தெரிவுசெய்து கொடுங்கள். 13 ஆனதும் ‘ஸ்டீம் ஃபெமிலிஸ்’ என்ற வசதியில் மகனை உங்கள் குடும்பத்தில் சேர்த்தால், எந்தக் கேம், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் என்பதை உங்கள் போனிலிருந்தே நீங்கள் தீர்மானிக்கலாம். கணினி தெரியாது என்று கவலைப்படாதீர்கள் ராத்தா. ஸ்டீமில் இந்த ஃபெமிலிஸ் பக்கத்தை மட்டும் மகனிடமே காட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

களுவாஞ்சிக்குடி, வாசகர்: என்னிடம் 4 ஜிபி ரெம் உள்ள பழைய லெப்டொப்பும் ஒரு டொங்கிளும்தான் இருக்கின்றன. இந்த உலகம் என் போன்றவர்களுக்கு இல்லையா அக்கா?

உங்களுக்குத்தான் இருக்கிறது தம்பி. சின்னக் குழுக்களின் கேம்கள் என்று நான் திரும்பத் திரும்ப எழுதுவதே இதனால்தான்.

‘பலாட்ரோ’வை எடுங்கள். கனடாவில் லோக்கல்தங்க் என்ற புனைபெயரில் ஒரே ஒருவர் செய்த சீட்டாட்ட கேம். 2024 பெப்ரவரி 20 அன்று வெளிவந்து ஒரு மாதத்துக்குள் பத்து லட்சம் பிரதி விற்றது. அந்த வருடத்து ‘த கேம் எவோர்ட்ஸ்’ விழாவில் சிறந்த இண்டி கேம், அதாவது சின்னக் குழுக்களின் கேம், என்ற பரிசையும் எடுத்தது. அதற்குப் பெரிய கிராஃபிக்ஸ் கார்ட் எதுவும் வேண்டாம், உங்கள் லெப்டொப் போன்றதிலேயே ஓடும். வெளிவர முன்னமே டெமோவை விளையாடியவர்கள் ஆளுக்கு ஆள் சொல்லித்தான் அதன் பெயர் பரவியது.

எது ஓடும், எது ஓடாது என்பதை இறக்குவதற்கு முன்னமே கண்டுபிடிக்கலாம். கேமின் பக்கத்தில் கீழே போனால் குறைந்தபட்சத் தேவை என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் மூன்று வரிகளை மட்டும் பாருங்கள். ரெம் 4 அல்லது அதற்குக் குறைவா? கிராஃபிக்ஸ் வரியில் இன்டெல் எச்டி என்ற மாதிரி லெப்டொப்போடு வருவதை எழுதியிருக்கிறார்களா, அல்லது ஜிடிஎக்ஸ் என்று தொடங்கும் தனிக் கார்ட் கேட்கிறார்களா? கடைசியாக எத்தனை எம்பி? இரு பரிமாணப் படங்களால் செய்த டெமோ சில நூறு எம்பியில் முடிந்துவிடும். முப்பரிமாணக் காடும் மழையும் காட்டுகிறவை பல ஜிபி போகும். டேட்டா கணக்குப் பார்க்கிற நமக்கு இந்தக் கடைசி வரிதான் முதல் வரி. விண்டோஸ் 7, 8 என்றால் 2024 ஜனவரி முதல் ஸ்டீம் அவற்றுக்கு ஆதரவு தருவதில்லை, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டேட்டாவை மிச்சம் பிடிக்க இன்னொரு வழி இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. 2023இலிருந்து ஸ்டீமில், ஒரே வைஃபையில் இருக்கும் இரண்டு கணினிகளில் ஒன்றில் ஏற்கெனவே இருக்கும் கேமை மற்றதற்கு நேரடியாக மாற்றிக்கொள்ளலாம். செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதியில் கேம் ஃபைல்களை உள்ளூர் வலையமைப்பில் பகிர்வது என்று ஒரு தெரிவு இருக்கும். அதில் ‘யாருக்கும்’ என்று போடுங்கள், வேலை முடிந்ததும் பழையபடி மாற்றிவிடுங்கள். போனில் ஹொட்ஸ்பொட் போட்டு இரண்டு லெப்டொப்பையும் இணைத்தாலே போதும். கேம் ஒரு லெப்டொப்பிலிருந்து மற்றதற்கு நேரே போகும், போன் டேட்டாவில் கொஞ்சம்தான் குறையும். என் வகுப்புப் பிள்ளைகள் விழாக் கிழமையில் பங்கு பிரித்துக்கொள்வார்கள்: ஒருவர் வீட்டு ஃபைபரில் நாலைந்து டெமோ இறக்குவார், சனிக்கிழமை வகுப்பு முடிய எல்லாருடைய லெப்டொப்பிலும் அது இருக்கும். உங்கள் ஊரில் ஃபைபர் உள்ள கூட்டாளி ஒருவரைப் பிடியுங்கள்.

ஜூன் விழா நமக்குக் கச்சான் காற்றுக் காலத்தில் வருகிறது. மதியத்தில் பழைய லெப்டொப் அனலாகக் கொதிக்கும். மெத்தையில் வைத்து விளையாட வேண்டாம், அடியில் காற்றுப் போகிற துவாரம் அடைபட்டுவிடும். மேசையில் இரண்டு கொப்பிகளை ஓரங்களில் வைத்து அதன் மேல் லெப்டொப்பைத் தூக்கி வையுங்கள். கேமுக்குள் போனதும் திரை அளவை 1280க்கு 720 என்று குறைத்து, செக்கனுக்கு 30 ஃப்ரேம் என்று கட்டுப்படுத்துங்கள். அந்தி பட்டபின் விளையாடினால் இன்னும் நல்லது.

பாண்டிருப்பு, வாசகர்: டெமோ, ப்ளேடெஸ்ட், ஏர்லி அக்சஸ். மூன்றும் ஒன்றா?

இல்லை. டெமோ எல்லாருக்கும் இலவசம். ப்ளேடெஸ்டும் இலவசம், ஆனால் பெரும்பாலும் விண்ணப்பித்துவிட்டு அனுமதி வரும்வரை இருக்க வேண்டும், முடிந்ததும் கதவை மூடிவிடுவார்கள். ஏர்லி அக்சஸ் என்பது முடியாத கேமைக் காசு கொடுத்து வாங்குவது. அதில் அவசரப்பட வேண்டாம்.

அக்கரைப்பற்று, வாசகி: இரண்டாயிரம் டெமோவில் நான் எதைத் தெரிவுசெய்வது? திறந்தால் தலை சுற்றுகிறது.

தங்கச்சி, பிரபலப் பட்டியலைக் கடைசியாகப் பாருங்கள். அதில் இருப்பவை எப்படியும் உங்களைத் தேடி வரும். நான் முதலில் எனக்குத் தெரிந்த ஒரு விடயத்தைத் தேடுவேன்: மீன்பிடி, நெல், தையல், சமையல். நமக்குக் கைவந்த ஒன்றை ஒரு கேம் எப்படிச் செய்திருக்கிறது என்று பார்க்கும்போது, செய்தவர் எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்கிறார் என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

உங்கள் பக்கம் வயல் பக்கம் என்பதால் ஒன்று சொல்கிறேன். 2020இல் ஜப்பானில் எடெல்வைஸ் என்ற, இருவர் மட்டுமே உள்ள குழு ‘சகுனா’ என்ற கேமைச் செய்தது. அதில் சண்டையும் உண்டு, நெல் விவசாயமும் உண்டு. நாற்று நடுகிற இடைவெளி, வயலில் நிற்கும் தண்ணீரின் மட்டம், பசளை, அறுத்துக் காயவைப்பது எல்லாம் விளைச்சலை மாற்றும். ஜப்பானில் விளையாடியவர்கள் அந்நாட்டு விவசாய அமைச்சின் இணையத்தளத்தைத் திறந்துவைத்துக்கொண்டு விளையாடினார்கள் என்று செய்தி வந்தது. இது வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நம் வட்டை விதானைமாரின் கையில் கொடுக்க வேண்டிய கேம் என்று எனக்கு உண்மையாகவே ஆசை.

ஒரு டெமோவுக்கு எவ்வளவு நேரம் கொடுப்பது என்று கேட்பீர்கள். தொடக்கம் மந்தமாக இருந்தால் நான் இருபது நிமிடம் பொறுப்பேன். எழுத்து வாசிக்க முடியாத அளவு சின்னதாக இருந்து, பெரிதாக்க வழியும் இல்லை என்றால் அவ்வளவு கூடப் பொறுக்க மாட்டேன். ஒரு கிழமையில் நாலைந்தை முடிவு வரை விளையாடுங்கள். நாற்பதைத் திறந்து பார்த்து மூடுவதில் நமக்கும் ஒன்றும் இல்லை, செய்தவருக்கும் ஒன்றும் இல்லை.

ஏறாவூர், மாணவர்: டெமோ முடிவில் ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்று ஒரு படிவம் வருகிறது. எனக்கு ஆங்கிலம் வராது, எழுதாமல் மூடிவிடுகிறேன். எழுதினால் வாசிப்பார்களா?

வாசிப்பார்கள் தம்பி. இரண்டு மூன்று பேர் உள்ள குழுவில் வாசிக்க வேறு ஆளே இல்லை, செய்தவர்தான் வாசிக்கிறார். அதோடு, செய்பவர்களில் பலர் ஜப்பானிலும் போலந்திலும் பிரேசிலிலும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் படித்த மொழிதான். மூன்று வரி போதும்.

“நல்ல கேம், வாழ்த்துகள்” என்று எழுதினால் அவருக்குச் சந்தோஷம், ஆனால் திருத்த எதுவும் இல்லை. “மோசம்” என்று எழுதினாலும் அதே கதை. எங்கே நின்றீர்கள் என்று எழுதுங்கள். “இரண்டாவது கட்டத்தில் சிவப்புக் கதவு திறக்கவில்லை, திறப்பு என் பையில் இருந்தது, பத்து நிமிடம் சுற்றிவிட்டு மூடிவிட்டேன். என் கணினி இன்டெல் ஐ3, 4 ஜிபி.” இப்படி ஒரு குறிப்பு அந்த மனிதருக்குத் தங்கம். அந்தக் கதவு எல்லாருக்கும் தெரிகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். வருடக்கணக்காகத் தினமும் அந்தக் கதவைத் திறந்தவருக்கு அது தெரியாமல் போவது எப்படி என்று புரியாது. முதல் தடவை பார்க்கிற உங்கள் கண் அவரிடம் இல்லை.

சென்ற வருடம் ஒரு சின்ன விவசாயக் கேமின் டெமோவை விளையாடினேன். அதில் நெல்லுக்கும் ஒவ்வொரு நாற்றாகப் பூவாளியால் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது, தக்காளிக்கு ஊற்றுகிற மாதிரி. படுவான்கரையில் வயல் செய்கிற வீட்டில் பிறந்த எனக்கு அது பொறுக்கவில்லை. எழுதினேன்: எங்கள் ஊரில் நெல்லுக்கு யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை. வயலைச் சுற்றி வரம்பு இருக்கிறது, வரம்பில் ஒரு இடத்தை மண்வெட்டியால் வெட்டி வக்கடை திறந்தால் மேல் வயலின் தண்ணீர் கீழ் வயலுக்கு இறங்கும், போதும் என்றால் அதே மண்ணால் அடைத்துவிடுவோம். வவுணதீவுப் பக்கம் போனபோது போனில் எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து அனுப்பினேன். பதில் வந்தது, கேள்விகளாக. வரம்பு எவ்வளவு உயரம்? நண்டு துளை போட்டால் என்ன செய்வீர்கள்? மேல் வயல்காரர் தண்ணீர் விடாவிட்டால் யாரிடம் போவீர்கள்? அந்த மூன்றாவது கேள்வியை வாசித்தபோது, இவர் கேம் செய்யத் தெரிந்தவர்தான் என்று நம்பினேன். வட்டை விதானையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். முழுக் கேம் இன்னும் வரவில்லை. வக்கடை அதில் இருக்குமோ இல்லையோ, கேமை மாற்ற இன்னும் இடம் இருக்கிற நேரத்தில் அதைச் சொல்ல முடிந்தது. வெளிவந்தபின் இதையே எழுதியிருந்தால் அது வெறும் குறை.

ஆங்கிலம் கட்டாயம் வேண்டும் என்றால் போனில் மொழிபெயர்த்து அனுப்புங்கள். ஆனால் எழுதாமல் மூட வேண்டாம்.

ஒலுவில், பல்கலைக்கழக மாணவர்கள்: வடமோடிக் கூத்தை வைத்து நாங்கள் நாலு பேர் ஒரு கேம் செய்கிறோம். பாதிதான் முடிந்தது. அடுத்த நெக்ஸ்ட் ஃபெஸ்டில் டெமோ விடலாமா?

கடிதத்தை வாசித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் வேண்டாம், இன்னும் வேண்டாம். மேலே கல்லடித் தம்பிக்கு எழுதியதைப் பாருங்கள்: ஒரு கேமுக்கு ஒரு தடவைதான். பாதி முடிந்த நிலையில் அந்த ஒரு சந்தர்ப்பத்தைச் செலவழிக்காதீர்கள். ஸ்டீமில் ஒரு கேமுக்குப் பக்கம் திறக்க 100 டொலர் கட்ட வேண்டும். 1000 டொலர் விற்றால்தான் அது திரும்பி வரும். அதைக் கட்டுமுன் இட்ச் தளத்தில் காசில்லாமல் ஒரு சின்ன டெமோவைப் போடுங்கள்.

அதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். கூத்துத் தெரிந்த ஒரு அண்ணாவியாரையும், கூத்தே பார்க்காத ஒரு பத்து வயதுப் பிள்ளையையும் உங்கள் லெப்டொப்பின் முன் இருத்துங்கள். நீங்கள் பின்னால் நின்று பாருங்கள், வாய் திறக்காதீர்கள். “அதை அழுத்துங்க, இப்ப வலப்பக்கம் போங்க” என்று சொல்லத் தோன்றுகிற ஒவ்வொரு இடத்தையும் கொப்பியில் குறியுங்கள். டெமோ வெளியே போனபின் பக்கத்தில் நின்று சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். தாளக்கட்டு ஒரு இடத்தில் பிசகினாலும் அண்ணாவியார் சொல்லிவிடுவார், அதை வேறு எவராலும் சொல்ல முடியாது.

எழுத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள், ‘கொ’ என்பது உடைந்து வருகிறது என்று. கேம் செய்யும் சில மென்பொருள்களில் தமிழ் எழுத்தைக் கோத்துத் தரும் ஏற்பாடு சரியாக இல்லை. கொம்பு எழுத்துக்கு முன்னால் வர வேண்டியது பின்னால் போய் நிற்கும். 2023இல் வந்த கொடோ 4 என்ற கேம் செய்யும் மென்பொருளில் அந்த ஏற்பாடு உள்ளேயே இருக்கிறது, சரியான தமிழ் எழுத்துருவைப் போட்டால் ஒழுங்காக வரும். கொடோ முழுக்க இலவசம், உங்கள் வளாகக் கணினிகளிலும் ஓடும். இப்போதே மாறுவது கஷ்டம் என்றால் உரையாடல்களைப் படமாகச் செய்து போடலாம், வேலை கூடும், ஆனால் எழுத்து உடையாது. உடைந்த தமிழோடு மட்டும் டெமோவை வெளியே விடாதீர்கள். நம் ஆட்கள்தான் முதலில் விளையாடுவார்கள்.

‘வெண்பா’ உங்களுக்குத் தெரிந்திருக்கும். டொரொண்டோவில் விசை கேம்ஸ் என்ற சின்னக் குழு செய்தது, 2023இல் வந்தது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறைதான் கேம் முழுக்க. 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு தரும் சிறந்த அறிமுக கேம் பரிசு அதற்குக் கிடைத்தது. புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் எந்த ஒழுங்கில் போட வேண்டும் என்பது அதில் ஒரு கட்டம். உலகம் புட்டை விளங்கிக்கொண்டு விளையாடியது என்றால் வடமோடியின் ஆட்டத்தையும் விளங்கிக்கொள்ளும். இட்சில் போட்டதும் எனக்கு எழுதுங்கள், என் வகுப்பு முழுவதும் விளையாடிக் குறிப்பு அனுப்புவோம்.

வாழைச்சேனை, வாசகர்: டெமோவை ரசித்து விளையாடினேன். முழுக் கேமை வாங்கக் காசு இல்லை. இது அவர்களை ஏமாற்றுவது ஆகுமா?

ஆகாது. காசு இல்லாவிட்டால், பிறகு வாங்க விரும்பும் கேமைக் குறித்துவைக்கும் விஷ்லிஸ்ட் பொத்தானை அழுத்துங்கள், அதற்குச் செலவு இல்லை. எத்தனை பேர் அப்படிக் காத்திருக்கிறார்கள் என்பது செய்தவருக்குத் தெரியும். கேம் வெளிவரும் அன்றும், பிறகு விலை குறையும்போதும் ஸ்டீம் உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பும். வருடத்தில் சில தடவை பெரிய விலைக்கழிவு வரும், அப்போது வாங்கலாம். வாங்கியபின் பிடிக்காவிட்டால், 14 நாளுக்குள், இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் காசைத் திரும்பக் கேட்கலாம். டெமோவுக்குத் தனிப் பக்கம் இருந்தால் அங்கே ஒரு விமர்சனமும் எழுதுங்கள், 2024 ஜூலையிலிருந்து அதற்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் ரசித்த டெமோவின் பெயரைக் கடிதத்தில் எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் எழுதி அனுப்புங்கள்.